பூச்சுக்குள் மறையப்போகும் வேலை

வீடு திருத்தும் கொந்தராத்துகளை எடுத்து நடத்தும் சகோதரர்கள் எமது ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மேசன் வேலையில் தொடங்கி நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு கொந்தராத்துக்காரரானவர்கள், ஹாட்வெயார் கடை வைத்திருந்து பொருளோடு வேலையையும் பொறுப்பேற்றவர்கள், வயரிங் தெரிந்ததால் வீடு முழுவதையும் ஏற்றுக்கொண்டவர்கள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியால் வந்தவர்கள். இவர்களில் நட்டப்பட்டவர்களிடம் எந்த இடத்தில் நட்டப்பட்டீர்கள் என்று நான் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். டயிலிலோ பெயின்டிலோ நட்டம் வந்ததாகச் சொன்னவர்கள் குறைவு. சுவரை உடைத்த பிறகு, பூச்சுப் பூசுவதற்கு முன்பு வரும் அந்த மூன்று நான்கு வாரங்களில்தான் கணக்குக் குழம்பியது என்பதே பெரும்பாலானோரின் பதில்.

கழிவு நீர்க் குழாய், தண்ணீர்க் குழாய், வயர் செல்லும் கொன்டியுட், சுவிச் பெட்டிகள் எல்லாம் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போய் அமரும் கட்டம் இது. வெளிநாடுகளில் பொறியியலாளர்கள் இதற்கென்று ஒரு பெயர் வைத்து, இதைத் தனியாகப் பரிசோதித்து, கையொப்பமிட்ட பிறகே சுவரை மூட விடுகிறார்கள். எங்கள் பாஸ்மார் 'சுவர் வெட்டி பைப் போடுற வேலை' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பெயர் இல்லாததால் அதற்கென்று தனி விலையும் தனித் தவணையும் தனிப் பரிசோதனையும் இல்லாமல் போய்விடுகிறது. புதிய வீட்டை விடப் பழைய வீட்டைத் திருத்தும்போது இது இன்னும் சிக்கலானது. பழைய சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது உடைக்கும் வரை யாருக்கும் தெரியாது. மரச் சட்டத்துக்குள் ஓடிய நாற்பது வருட வயர் இருக்கலாம். எர்த் கம்பியே இல்லாத பிளக் இருக்கலாம். துருப்பிடித்து உள்வாய் அடைத்துப்போன இரும்புக் குழாய் இருக்கலாம்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை நாமெல்லோரும் ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவரல்ல என்றும் எச்சரித்தார்கள். கட்டட வேலையில் இருப்பவர் இந்த ஹதீஸைத் தானிய வியாபாரிக்கு உரியது என்று விட்டுவிட முடியாது. எங்களது தொழிலில் விற்கப்படுவதில் பாதி, மூடி மறைத்த பிறகே வாங்குபவரின் கைக்குப் போகிறது. குவியலுக்குள் கை விட்டுப் பார்க்கலாம், பூசிய சுவருக்குள் வீட்டுக்காரர் கை விட்டுப் பார்க்க இயலாது.

பணம் எங்கே சிக்குகிறது

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு 20 இலட்சம் ரூபா கொந்தராத்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழமையாகப் பேசுவது 30 வீதம் முற்பணம், பூச்சு முடிந்ததும் 30 வீதம், டயிலும் பெயின்டும் முடிந்ததும் 30 வீதம், திறப்புக் கொடுக்கும்போது 10 வீதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பூச்சுக்கு முன் என்ன செலவாகிறது? உடைப்பதற்கும் கழிவுக் கல்லை அகற்றுவதற்கும் ஒன்றரை இலட்சம், குழாய்களுக்கும் அதன் பொருத்துப் பொருட்களுக்கும் இரண்டரை இலட்சம், வயர், கொன்டியுட், பெட்டிகளுக்கு மூன்று இலட்சம், சுவர் வெட்டும் கூலியும் மேசன் கூலியும் இரண்டு இலட்சம் என்று வைத்தால் 9 இலட்சம் வெளியே போய்விட்டது. கையில் வந்தது 6 இலட்சம். இனிப் பூச்சுக்கு ஒன்றரை இலட்சம் போட்டால்தான் அடுத்த தவணை கிடைக்கும். அதற்குள் நாலரை இலட்சம் பள்ளம் விழுந்துவிட்டது.

இந்தப் பள்ளத்தை எங்கள் ஆட்கள் எப்படி நிரப்புகிறார்கள் என்பது ஹாட்வெயார் கடைக்காரர்களுக்கு நன்கு தெரியும். ஒரு மாதம் தள்ளித் திகதியிட்ட காசோலையைக் கொடுத்துப் பொருள் எடுப்பார்கள். வீட்டுக்காரர் குளியலறை டயிலைத் தெரிவு செய்ய இரண்டு வாரம் தாமதித்தால் பூச்சு நிற்கும், பூச்சு நின்றால் தவணை வராது, தவணை வராவிட்டால் காசோலை திரும்பும். டயில் தெரிவுக்கும் காசோலைக்கும் உள்ள தொடர்பு வீட்டுக்காரருக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது. வீடு மிகவும் அலங்கோலமாகத் தெரிவது இந்தக் கட்டத்தில்தான். சுவரெல்லாம் வெட்டுக் காயம், தரையெல்லாம் மண், பார்க்கும்படியாக ஒன்றுமில்லை. கொடுத்த 6 இலட்சம் எங்கே போனது என்று வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வருவதும் இப்போதுதான். அவர் சந்தேகப்படும் அதே வாரத்தில் கொந்தராத்துக்காரர் மேலதிகமாக முற்பணம் கேட்டு நிற்பார். பழைய நட்பு முறிவதை இந்த வாரத்தில்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

ஆகவே தவணைகளை வேலையின் செலவோடு சேர்த்து அடுக்க வேண்டும். நான் பேசும் முறை இதுதான்: 20 வீதம் முற்பணம், உடைத்துச் சுத்தம் செய்ததும் 15, குழாயும் கொன்டியுட்டும் பரிசோதனையில் தேறியதும் பூச்சுக்கு முன்பாகவே 20, பூச்சு முடிய 15, டயிலும் பெயின்டும் முடிய 20, மீதி 10இல் பாதி திறப்புக் கொடுக்கும்போதும் மறுபாதி மூன்று மாதத்தின் பின்பும். மேற்சொன்ன கணக்கில் பரிசோதனை வரை செலவு 9 இலட்சம், கையில் 7 இலட்சம். இரண்டு இலட்சம் பள்ளம், அதுவும் பரிசோதனை முடியும் வரைதான். தேறியதும் 4 இலட்சம் வருகிறது. முற்பணம் 30இலிருந்து 20 ஆகக் குறைவதால் வீட்டுக்காரரும் எளிதாக ஒத்துக்கொள்கிறார். மூன்று மாதம் நிறுத்திவைக்கும் 5 வீதத்தைப் பார்த்துச் சில சகோதரர்கள் முகம் சுளிப்பார்கள். ஒழுகினால் நான் வருவேன் என்பதற்கு அதைவிட நல்ல உத்தரவாதத்தை எழுத்தில் கொடுக்க முடியாது என்பதே எனது அபிப்பிராயம்.

ஹாட்வெயார் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ரொக்க விலை இது, ஒரு மாதக் கடன் விலை இது என்று சொல்லி, இரண்டில் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு பொருளைக் கொடுப்பதைப் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். தீர்மானித்த விலையைப் பிந்தியதற்காக மேலே ஏற்றுவதுதான் வட்டியாகிவிடுகிறது. கடையின் பில் புத்தகத்தில் இந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எழுதும்போது எது என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் பணிக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமே அதுதான். அப்படியிருந்தும் எங்களில் பலர் இருபது இலட்சம் வேலையைத் தேநீர் குடித்துக்கொண்டே வாயால் பேசி முடித்துவிடுகிறார்கள்.

பொருளும் எம்முடையது, வேலையும் எம்முடையது என்றால் அது இஸ்திஸ்னா எனப்படும் செய்வித்தல் ஒப்பந்தத்தின் வகையைச் சேர்ந்தது. பொருளை வீட்டுக்காரர் வாங்கித் தந்து நாம் கூலிக்கு மட்டும் செய்தால் அது இஜாரா, அதாவது வேலைக்கு அமர்த்தும் ஒப்பந்தம். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கலாபீடம், இஸ்திஸ்னாவை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக ஏற்றது. செய்யப்படும் பொருளின் இனம், வகை, அளவு, தேவையான தன்மைகள் எல்லாம் குறிப்பிடப்பட வேண்டும், முடிக்கும் காலமும் குறிப்பிடப்பட வேண்டும் என்று நிபந்தனையிட்டது. விலையை முழுவதும் பிற்படுத்தவோ தவணையாகக் கொடுக்கவோ இடமளித்தது. இரு தரப்பும் இணங்கினால் தாமதத்துக்குத் தண்டப் பணம் விதிக்கும் நிபந்தனையையும், கட்டுப்பாட்டை மீறிய காரணங்கள் ஏற்படாதவிடத்து, அது அனுமதித்தது.

தண்டப் பணத்தை எழுதுவதானால் இரண்டு பக்கத்தின் கடமையையும் எழுதுங்கள். கொமட் எந்த மாதிரி, ஷவர் கலவைக் குழாய் எந்த மாதிரி, குசினி சிங்க் எவ்வளவு அகலம் என்பவற்றை இன்ன திகதிக்கு முன் வீட்டுக்காரர் தெரிவு செய்து தர வேண்டும், பிந்தினால் முடிக்கும் திகதியும் அதே அளவு தள்ளிப்போகும் என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாமல் தண்டப் பணத்துக்குச் சம்மதிப்பது புத்தியல்ல.

விலையேற்றத்தையும் மறந்துவிடக் கூடாது. 2021இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூடை 2022 நடுப்பகுதியில் 3000 ரூபாவைத் தாண்டிச் சென்றது. செம்பு வயரும் குழாய்களும் அதனுடன் சேர்ந்து ஏறின. அந்த வருடத்தில் பழைய விலைக்கு வேலையை ஏற்றிருந்த சிறு கொந்தராத்துக்காரர் பலர் கையிலிருந்து போட்டு முடித்தார்கள், சிலர் பாதியில் விட்டுப் போனார்கள். விலைப்பட்டியல் எத்தனை நாட்களுக்குச் செல்லுபடியாகும் என்று எழுதுவது பழக்கமாக வேண்டும். குழாயையும் வயரையும் உடைக்கும் வேலை தொடங்கும்போதே முழுதாக வாங்கி வைத்துவிடுவதும் நல்லது.

வயரிங் வேலையை 'பொயின்ட்' கணக்கில் பேசுவது எங்கள் வழக்கம். ஆனால் பொயின்ட் என்றால் என்ன என்று பேசுவதில்லை. மாடிப்படியில் மேலும் கீழும் சுவிச் வைக்கும் ஒரே விளக்கு ஒரு பொயின்டா, இரண்டா? இரட்டை பிளக் ஒன்றா, இரண்டா? ஏசிக்கு இழுக்கும் தனி வயர் எதில் சேரும்? இதைவிடப் பெரிய சண்டை ஒன்று இருக்கிறது: சுவரை வெட்டுவது யார், வெட்டியதை மூடுவது யார், விழுந்த கல்லையும் மண்ணையும் அள்ளுவது யார்? எலக்ட்ரீஷியன் மேசனைக் காட்டுவார், மேசன் பிளம்பரைக் காட்டுவார். கடைசியில் கொந்தராத்துக்காரர் டிப்பருக்குக் காசு கொடுப்பார். மூன்று பேரிடமும் விலை கேட்கும்போதே இந்த மூன்று கேள்வியையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

சோக்கட்டியோடு ஒரு நாள்

சுவரை வெட்டுவதற்கு முந்திய நாள் ஒரு முழு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். செலவு ஒரு பெட்டி சோக்கட்டி. வீட்டார் எல்லோரையும் கூப்பிட்டு, ஒவ்வோர் அறையாக நடந்து, சுவிச், பிளக், விளக்கு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் சுவரிலேயே வரைந்து காட்ட வேண்டும். வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டும் ஹாஜியார், சுவரில் வரைந்ததைப் பார்த்தால்தான் கேள்வி கேட்பார்.

குறிப்பாகக் குசினியில் சமைப்பவரைக் கேட்காமல் ஒரு பிளக்கும் வைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பது ஆண், குசினியில் நிற்பது பெண். ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்து வெளியே வந்த பிறகு, உள்ளேயிருந்து வயதான உம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "மகன், இந்த மூலையில ஒரு ப்ளக் இல்லாட்டி கிரைண்டர எங்க வெக்கிற? ஃப்ரிஜ்ஜுக்குப் பக்கத்துலயா?" சோக்கட்டியால் அந்த இடத்தில் ஒரு சதுரம் வரைய ஒரு நிமிடம். பூச்சுக்குப் பிறகு அதே பிளக் என்றால் வெட்டு, பூச்சு, பெயின்ட், அதோடு மனக்கசப்பும்.

எங்கள் வீடுகளுக்கென்றே சில விடயங்கள் இருக்கின்றன. பொதுவான வரைபடங்களில் அவை வருவதில்லை. கொமட் எந்தத் திசையைப் பார்க்கப்போகிறது என்பது கழிவுக் குழாய் பதிக்கும் அன்றே தீர்மானமாகிவிடுகிறது. இலங்கையிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. கட்டடத்துக்குள் இருக்கும்போது அதன் சட்டம் என்ன என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, ஆயினும் முன்னோக்குவதையும் பின்னோக்குவதையும் தவிர்க்கவே பெரும்பாலான வீட்டார் விரும்புவார்கள். பிளம்பர் அதை அறிந்திருக்க வேண்டியதில்லை, நாம் கேட்க வேண்டும். கழுவும் கைக்குழாய்க்கான முனை, உட்காருபவரின் வலக்கைப் பக்கம் வந்தால் வசதி. இடக்கையால் சுத்தம் செய்பவருக்குக் குழாயைப் பிடிப்பது வலக்கைதான். வுழூச் செய்யும் குழாயின் உயரத்தை அளவு நாடாவைப் பார்த்து வைக்காமல், வீட்டில் உள்ள முதியவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி வையுங்கள்.

கொமட்டைப் பற்றி இன்னொன்று. கழிவு வாய் தரையில் இறங்குவதா, சுவருக்குள் போவதா என்பதும், தரையில் இறங்குவதானால் சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்பதும் மாதிரிக்கு மாதிரி மாறும். அளவை டயில் ஒட்டி முடிந்த சுவரிலிருந்து எடுக்க வேண்டும். வெறும் செங்கல்லிலிருந்து அளந்து குழாய் வைத்துவிட்டால், பூச்சும் டயிலும் ஒரு அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும், கொமட் சுவரில் முட்டும். ஆகவே மாதிரியைத் தெரிவு செய்து, முடியுமானால் வாங்கியே வைத்த பிறகுதான் குழாய்.

எது முதலில்

வேலையின் ஒழுங்கு பலருக்கும் தெரிந்ததுதான். முதலில் கழிவுக் குழாய், பிறகு தண்ணீர்க் குழாய், கடைசியில் கொன்டியுட். காரணம் எளிது. கழிவு நீர் சரிவில் மட்டுமே போகும், அதற்கு விட்டுக்கொடுக்கும் குணம் இல்லை. நாலங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு என்று வைத்தால் 12 அடித் தூரத்துக்கு 3 அங்குலம் இறக்கம் வேண்டும். அந்த 3 அங்குலத்தைத் தரைக்குள் எங்கே கண்டுபிடிப்பது என்பதை முதலில் தீர்க்க வேண்டும். தண்ணீர்க் குழாய் அழுத்தத்தில் ஓடுவது, கொஞ்சம் வளைத்துப் போகலாம். வயர் எங்கேயும் சுற்றிப் போகும். எலக்ட்ரீஷியன் இன்றைக்கு ஓய்வாக இருக்கிறார் என்பதற்காக அவரை முதலில் விட்டால், நாளைக்குப் பிளம்பர் அவரது கொன்டியுட்டை வெட்டுவார்.

சுவரை வெட்டும் ஆழத்துக்கு ஒரு அளவு உண்டு. மேலிருந்து கீழான வெட்டு சுவரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கையும், கிடையான வெட்டு ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. நாலரை அங்குலச் சுவரில் கிடையாக முக்கால் அங்குலம் மட்டுமே வெட்டலாம். அதற்குள் தண்ணீர்க் குழாய் அடங்காது. ஆகவே குழாயைத் தரையோடு கொண்டுபோய்த் தேவையான இடத்தில் நேராக மேலே ஏற்றுவதுதான் முறை. தூணையும் பீமையும் வெட்டவே கூடாது. கொன்டியுட்டும் குழாயும் நேர் மேலாகவோ நேர் கிடையாகவோ மட்டும் போக வேண்டும், குறுக்காகச் சாய்த்துப் போனால் பின்னால் ஆணியடிப்பவருக்கு அது எங்கே இருக்கிறது என்று ஊகிக்க வழியில்லை.

பொருள் விடயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். சுடுநீர் போகும் பாதையில் சாதாரண பிவிசி குழாய் கூடாது, அது சூட்டில் இளகும். சிபிவிசி அல்லது சூடாக்கி ஒட்டும் பிபிஆர் குழாய்தான் போட வேண்டும். விளக்குக்கு 1/1.13 வயர், பிளக்குக்கு 7/0.67, சுடுநீர் ஹீட்டருக்கும் ஏசிக்கும் 7/0.85 என்பது பொதுவாகப் பொருந்தும் அளவு. பெரிய ஹீட்டராக இருந்தால் அதன் அம்பியரைப் பார்த்துக் கூட்ட வேண்டும். 13 அம்பியர் சதுர முள் பிளக்கே இப்போது நாட்டின் தரம். பழைய உருண்டை முள் பிளக்கைத் திருத்தும்போது அப்படியே விடாதீர்கள். ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியரில் விழ வேண்டும், எர்த் இல்லாத பழைய வயரைப் புதிய வயரோடு முடிச்சுப் போட்டு ஓட்டக் கூடாது. சுவருக்குள் வயரை இணைக்கவே கூடாது, இணைப்பெல்லாம் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள்தான். எலக்ட்ரீஷியன் என்.வி.கியூ. சான்றிதழ் உள்ளவராக இருப்பது நல்லது. எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள வயரையே வாங்குங்கள், 100 மீற்றர் என்று எழுதிய கொயிலை ஒரு தடவையாவது அளந்து பாருங்கள். அளவில் குறைப்பவர்களைப் பற்றிக் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது, கடைக்காரர்கள் கோபிக்கக் கூடாது.

மூடுவதற்கு முன்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான். குழாய்களைப் பரிசோதிக்காமல் மூடும் பழக்கம் எங்களிடம் மிகவும் பரவலாக இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், ஒழுகவில்லை என்பார்கள். கூரையின் மேலிருக்கும் தொட்டி குழாயிலிருந்து 15 அடி உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் அரை பார்கூட இல்லை. பசை பூசாமல் வெறுமனே செருகிய எல்போகூட அந்த அழுத்தத்தில் சில நாட்கள் தாங்கும். பிரதான குழாயின் தண்ணீரோ மோட்டார் பம்போ வந்து இணையும்போதுதான் அது வாய் திறக்கும்.

கைப் பம்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நாட்கூலிக்கு எடுங்கள். கடைசியாகப் பசை ஒட்டி 24 மணித்தியாலம் கழித்து, எல்லா வாயையும் அடைத்து, காற்றை வெளியேற்றி, குழாய்க்குக் குறித்த அழுத்தத்தை மீறாமல் 6 பார் அளவுக்கு ஏற்றி, இரவு முழுவதும் விட்டுக் காலையில் அளவுக் கருவியைப் பாருங்கள்.

மகளின் கல்யாணத்துக்கு மூன்று வாரமே இருந்த ஒரு வீட்டில் நான் இந்தப் பரிசோதனையை வைத்தபோது வீட்டுக்காரருக்குப் பெரிய கோபம். பூச்சுப் பாஸ்மார் வந்து நிற்கிறார்கள், ஒரு நாள் வீணாகிறது என்றார். பிளம்பர் தம்பியும் "ஒன்னும் ஆகாது நானா, நான்தானே போட்ட" என்றார். காலையில் 6இல் இருந்த முள் 4இல் நின்றது. தேடிப் பார்த்ததில் மாடிக் குளியலறையின் மூலையில் ஒரு எல்போவுக்குப் பசை இல்லை. அளவு பார்க்கச் செருகியவர் ஒட்ட மறந்துவிட்டார். அது கீழ் மண்டபத்தின் சீலிங்குக்கு நேர் மேலே இருந்தது. கல்யாண விருந்து அந்த மண்டபத்தில்தான்.

அந்தத் தம்பிக்குக் கூலி கொடுக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. மீண்டும் ஒட்டிய அரை நாளை மட்டும் அவர் தன் கணக்கில் செய்தார், மற்ற நாட்களின் கூலியை வழமைபோல அன்று அஸருக்கே கொடுத்தேன். மறப்பது மனித இயல்பு, அதற்காகத்தான் பரிசோதனை. கூலியை வெட்டத் தொடங்கினால் அடுத்த வீட்டில் குறையைக் காட்டித் தரமாட்டார்கள், மறைத்துவிடுவார்கள். பூச்சு இரண்டு நாள் பிந்தியது. கல்யாணத்துக்கு முந்திய கிழமை பெயின்ட் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

குளியலறைத் தரைக்கு நீர் கசியாத பூச்சு அடித்த பிறகு, கழிவு வாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு முழு நாள் விட்டுக் கீழ்ச் சிலாப்பைப் பார்க்க வேண்டும். கொன்டியுட்டுக்குள் இழுகம்பி தடையில்லாமல் ஓடுகிறதா என்றும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேசன் ஆணியடித்து நசுக்கியிருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

பரிசோதனையின்போது வீட்டுக்காரரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். அளவுக் கருவியை அவரே பார்த்து, நேரத்தையும் அளவையும் எழுதி, இருவரும் கையொப்பமிட்டால், அந்தத் தாளே மேற்சொன்ன 20 வீதத் தவணைக்கான பில்லாகிவிடும். அலங்கோலமாகக் கிடக்கும் வீட்டில் தன் பணம் எங்கே போயிருக்கிறது என்று அவர் கண்ணால் காண்பதும் அன்றுதான். பணம் தரும்போது முகத்தில் இருக்கும் வித்தியாசத்தை நீங்களே கவனிப்பீர்கள்.

கடைசியாகப் படம் எடுங்கள். ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் அளவு நாடாவை விரித்துப் பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை அடி என்று தெரியும்படி எடுக்க வேண்டும். நாடா இல்லாமல் எடுத்த படம் பின்னால் எதற்கும் உதவாது. அறையின் பெயரைச் சுவரிலேயே சோக்கட்டியால் எழுதிவிட்டு எடுத்தால் குழப்பம் வராது. ஒரு பிரதி வீட்டுக்காரரின் தொலைபேசிக்கு, ஒரு பிரதி உங்களிடம். ஐந்து வருடம் கழித்து ஏசி பொருத்த வருபவர் துளையிடுவதற்கு முன் அந்த வீட்டார் உங்களுக்குத்தான் அழைப்பு எடுப்பார்கள், பக்கத்து வீட்டு வேலையைப் பற்றியும் அப்போதே பேசுவார்கள்.

படம் எடுத்த பிறகு வெட்டுகளை நனைத்துச் சாந்து அடைக்கலாம். அகலமான வெட்டுகளின் மேல் கம்பி வலை ஒரு துண்டு வைத்து அடைத்தால் பூச்சில் கீறல் விழாது. அடைத்ததை இரண்டு மூன்று நாள் நனைத்துவிட்டுப் பூச்சுப் பாஸைக் கூப்பிடுங்கள். ரமழானுக்கு முன் முடிக்க வேண்டிய வேலையாக இருந்தால், இந்த நாட்களையும் பரிசோதனை நாளையும் கணக்கில் சேர்த்துப் பின்னோக்கி எண்ணித்தான் தொடங்கும் திகதியைச் சொல்ல வேண்டும். நோன்பு காலத்தில் சுவர் வெட்டும் வேலைக்கு ஆட்களை நிறுத்துவது அவர்களுக்கும் கஷ்டம், வீட்டாருக்கும் கஷ்டம்.